பாதியில் நின்றுபோன முட்டைகள்: வாசகர் கேள்வி பதில்

மாசியில் தொடங்கி ஆனி வரைக்கும் பாம்பு வளர்ப்பவர்களின் கடிதங்கள் கூடுதலாக வருகின்றன. இந்த முறை டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைப் பற்றியவை: முட்டை வெளியே வராமல் வயிற்றிலேயே தங்கிவிடுவது. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுதாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மூன்று வயது கார்ன் ஸ்நேக் (வட அமெரிக்காவைச் சேர்ந்த நஞ்சில்லாத பாம்பு) வளர்க்கிறேன். எடை 420 கிராம். முதல் முறை முட்டையிடுகிறது. நேற்று முன்தினம் காலை ஒன்பது முட்டை இட்டது. அதோடு நின்றுவிட்டது. வாலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு இடத்தில் கட்டி போலப் புடைத்திருக்கிறது. ஆனால் சோர்வாகத் தெரியவில்லை. கோழிக்கு முட்டை மாட்டிக்கொண்டால் விளக்கெண்ணெய் விட்டு மெல்ல அமுக்கி எடுப்போமே, அதுபோல இதற்கும் செய்து பார் என்கிறார் என் அத்தை. செய்யலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: செய்யாதீர்கள். உங்கள் அத்தை சொல்வது கோழிக்குப் பொருந்தும். கோழிக்கு மாட்டிக்கொள்ளும் முட்டை பெரும்பாலும் எச்சத்துளைக்கு மிக அருகில் வந்து நிற்கும். எண்ணெயும் விரலும் அதுவரை எட்டும். பாம்பின் உடலமைப்பு வேறு. அதற்கு இடம், வலம் என இரண்டு முட்டைக்குழாய்கள் உண்டு. உடலின் பின்பகுதியில் நீளவாக்கில் ஓடும் அந்தக் குழாய்களில் முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கழிவுத்துளையில் விடும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. குழாயின் சுவரோ மிகவும் மெல்லியது. தங்கிய முட்டை அந்தச் சுவரோடு ஒட்டியிருந்தால், வெளியிலிருந்து அமுக்கும்போது முட்டை நகராது, குழாய்தான் கிழியும். மஞ்சள்கரு உடலுக்குள் கொட்டிச் சீழ்பிடித்தால் பிறகு காப்பாற்றுவது கடினம். பாம்பு வளர்ப்பவர்களிடம் முட்டை தங்கி இறக்கும் பாம்புகளில், வீட்டில் பிதுக்கியதால் இறப்பவையும் உண்டு.

இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஏன் இன்றே என்று சொல்கிறோம்.

கார்ன் ஸ்நேக் முட்டையிடத் தொடங்கினால் ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். பெரும்பாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இட்டு முடித்துவிடும். பாதியில் நின்று 24 மணி நேரம் ஆகிவிட்டால் ஏதோ சரியில்லை என்று பொருள். 48 மணி நேரம் கடந்தால் முட்டைக்குழாயின் தசை களைத்துப்போகிறது. ஊசி போட்டாலும் அது சுருங்கி விரிய மறுக்கிறது. முட்டைக்குள் இருப்பதும் நாளாக நாளாகக் கெட்டியாகிறது. முதல் சில நாள்களில் அது திரவமாக இருக்கும்போது, மருத்துவர் செதில்களுக்கு இடையே ஊசியைச் செலுத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து முட்டையைச் சுருங்க வைக்க முடியும். சுருங்கிய முட்டை சில சமயம் தானாக வெளியே வந்துவிடும். கெட்டியாகிவிட்டால் அந்த வழியும் அடைபட்டு, வயிற்றைத் திறப்பது ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு நாள் தாமதம் என்பது ஊசியோடு முடிய வேண்டியதை அறுவைசிகிச்சை வரை கொண்டுபோய்விடலாம்.

“சோர்வாகத் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பாம்பு நோயை வெளியே காட்டாது. முட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டே நன்றாக ஊர்ந்து திரியும், நாக்கை நீட்டும், தண்ணீர்கூடக் குடிக்கும். அது சோர்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது நிலைமை முற்றியிருக்கும்.

வாகனம் கிடைக்கும் வரை நீங்கள் செய்யக்கூடியவை இவை. பெட்டியின் சூடான பக்கம் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அகலமான டப்பாவில் 28, 29 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரைப் பாம்பின் உடல் பாதி மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, காற்றுத்துளை உள்ள மூடியால் மூடி, 20 நிமிடம் விடுங்கள். சூடு வெப்பமானியில் தெரியட்டும். கையை விட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நம் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது பாம்புக்கு அதிகம். பக்கத்திலேயே இருங்கள். பிறகு எடுத்து ஈரப் பெட்டியில் (அடுத்த பதிலில் சொல்லும் முட்டைப் பெட்டி) விட்டு மூடிவிடுங்கள். உணவு கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கையில் எடுத்துப் பார்க்காதீர்கள். எத்தனை முட்டை மிச்சம் என்று பார்க்க வேண்டுமானால் ஒரே ஒரு முறை, விரல்களைத் தளர்வாக வைத்து அதன்மேல் பாம்பைத் தானாக ஊர்ந்துபோக விடுங்கள். முட்டை கடந்துபோவது விரலுக்குத் தெரியும். அழுத்தக் கூடாது.

கொண்டுபோகும்போது துவைத்த பருத்தித் தலையணை உறையில் விட்டு, வாயை முறுக்கிக் கட்டி, துளையிட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். இந்தச் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டு இறங்கிவிடாதீர்கள், பத்து நிமிடம் போதும் அது சாக. இட்ட முட்டைகளில் ஒன்றையும், ஒரு தாளில் இந்த விவரங்களையும் கொண்டுபோங்கள்: கடைசியாகச் சட்டை உரித்த தேதி, முதல் முட்டை இட்ட நேரம், இட்ட எண்ணிக்கை, கடைசியாக உண்டது எப்போது, பெட்டியின் வெப்பநிலை, முட்டையிடுவதற்கு முன்னும் பின்னும் எடை.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் விசாரியுங்கள். அங்கானாலும் திருச்சி, சென்னையில் தனியாரிடமானாலும் கேட்க வேண்டியவை மூன்று: ஊர்வன பார்க்கும் மருத்துவர் இன்று இருக்கிறாரா, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க முடியுமா, மூச்சுவழி மயக்கம் கொடுக்கும் வசதி உண்டா. பாம்பு முட்டையின் ஓடு தோல்போல மெல்லியது, சுண்ணாம்பு குறைவு. அதனால் எக்ஸ்ரேயில் கோழிமுட்டைபோலப் பளிச்சென்று தெரியாது. ஸ்கேனும் சேர்ந்தால்தான் மருத்துவருக்கு முழுப் படம் கிடைக்கும்.

இன்னொன்று. ஆக்சிடோசின் ஊசியை மாட்டுக்காரர்களிடமிருந்து வாங்கிப் போடலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். பால் இறங்குவதற்காகச் சிலர் மாட்டுக்குப் போடும் அதே மருந்துதான் இது. ஆமைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும், பாம்புகளுக்கு அவ்வளவாகச் செய்யாது. முட்டை பெரிதாகவோ கோணலாகவோ இருந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தால், மருந்து குழாயைச் சுருக்கச் சுருக்கக் குழாய் வெடிக்கும். அடைப்பு இல்லை என்று ஸ்கேனில் பார்த்த பிறகு, உடலில் நீர்ச்சத்தும் சூடும் ஏற்றிய பிறகு மருத்துவர் போட வேண்டியது அது.

கேள்வி: போன வருடம் என் கார்ன் ஸ்நேக் தண்ணீர்த் தொட்டிக்குள் முட்டையிட்டு எல்லாம் வீணாகிவிட்டது. இந்த வருடம் முட்டை தங்காமல் இருக்க முன்கூட்டியே என்ன செய்யலாம்? கால்சியம் பவுடர் கொடுக்கட்டுமா?
வாசகர், பேராவூரணி

பதில்: எலியை முழுதாக விழுங்கும் பாம்புக்கு அந்த எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்து வந்துவிடுகிறது. கால்சியம் குறைந்து முட்டை தங்குவது கோழியிலும் கிளியிலும் சகஜம், பாம்பில் அரிது. பவுடருக்குச் செலவழிப்பதை ஒரு நல்ல முட்டைப் பெட்டிக்குச் செலவழியுங்கள்.

முட்டையிட இருட்டான, ஈரமான, உடலை நெருக்கிப் பிடிக்கிற இடம் கிடைக்காவிட்டால் பாம்பு முட்டையை அடக்கிக்கொண்டு இடம் தேடி அலையும். கண்ணாடிச் சுவரோரமாக இரவெல்லாம் மூக்கை உரசிக்கொண்டு சுற்றும். இந்த அலைச்சலில் களைத்துப்போய்ப் பிறகு இடும்போது பாதியில் நின்றுவிடுகிறது. அல்லது வேறு வழியில்லாமல் தண்ணீருக்குள் இட்டுவிடுகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான். தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டு, பாம்பு உள்ளே சுருண்டு படுக்க முடியாத சிறு கிண்ணம் வையுங்கள்.

பெட்டிக்கு ஐந்து லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா போதும். மூடி ஒளி புகாததாக இருக்க வேண்டும். மூடியிலோ மேல்பக்கச் சுவரிலோ சுமார் ஐந்து சென்டிமீட்டர் வட்டத்தில் ஒரு துளை. சினையாக இருக்கும்போது உடல் எவ்வளவு தடிமனோ அதைப்போல ஒன்றரை மடங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். முட்டை நிறைந்த வயிறு அதில்தான் உரசிக்கொண்டு போகும்.

உள்ளே போட ஸ்பாக்னம் மாஸ் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் உலர்ந்த பாசி) சிறந்தது, ஆர்க்கிட் செடி விற்பவர்களிடம் கிடைக்கும். உங்கள் பக்கம் தென்னை மிகுந்த பூமி, தேங்காய் நார்க்கழிவு தாராளமாக இருக்கும். அதுவும் நன்று. ஆனால் அதில் உப்பு இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. பிடியைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு நிரப்பி, சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவில் வையுங்கள். உள்ளே 27, 28 டிகிரி இருந்தால் சரி. வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை வந்தால் மாற்றிவிடுங்கள்.

எப்போது வைப்பது? கார்ன் ஸ்நேக் முட்டையிடுவதற்கு முன் ஒருமுறை சட்டை உரிக்கும். அந்தச் சட்டை கழன்ற நாளிலிருந்து ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாளில் முட்டை வரும். சட்டை உரித்த பிறகு பெட்டி தேடி அலையாதீர்கள். வயிறு கனக்கத் தொடங்கும்போதே வைத்துவிட்டால் அது உள்ளே போய்ப் பழகிக்கொள்ளும்.

பெட்டிக்கு அடுத்தபடி உடல்கட்டு. முட்டையைத் தள்ளுவது தசை. சிறிய டப்பாவில் அடைத்து வாரம் இரண்டு எலி போட்டு வளர்த்த பாம்பு கொழுப்பு ஏறித் தசை தளர்ந்து போயிருக்கும். வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு வளர்ந்த சுண்டெலி போதும். ஏறி இறங்க ஒரு கொய்யாக் கிளையை வையுங்கள், மருந்தடிக்காத மரமாகப் பார்த்து. மூன்று வயதும் 300 கிராமும் ஆகாத பெட்டையை இணைசேர்க்கவே கூடாது. போன வருடம் இட்ட பெட்டை உடல் தேறவில்லை என்றால் இந்த வருடம் ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே ஒரு பாம்பு, பெட்டை. ஆணோடு சேர்த்ததே இல்லை. அதற்கும் முட்டை தங்குமா?
வாசகர், மயிலாடுதுறை

பதில்: தங்கும். ஆண் இல்லாமலேயே பெட்டைப் பாம்பு கூமுட்டை இடலாம். மஞ்சளாக, சிறியதாக, மெழுகுபோல இறுகியிருக்கும். “ஆண்தான் இல்லையே” என்று நீங்கள் முட்டைப் பெட்டி வைக்க மாட்டீர்கள். அதனாலேயே தனியாக வளரும் பெட்டைகளுக்கு இந்த ஆபத்து உண்டு. தை, மாசியில் வயிறு கனத்து, சாப்பிட மறுத்து, இரவில் அலையத் தொடங்கினால் மேலே சொன்ன பெட்டியை வையுங்கள். கடையில் வாங்குவதற்கு முன் அது ஆணோடு இருந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்டைப் பாம்பு ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைத்திருக்கும்.

கேள்வி: என் பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருளும் சிறிய மலைப்பாம்பு) சட்டை உரித்து 38 நாள் ஆகிறது. இன்னும் முட்டையிடவில்லை. இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை, சில சமயம் வயிற்றை மேலே திருப்பிக்கொண்டு படுக்கிறது. முட்டை தங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, திருவையாறு

பதில்: பயப்பட வேண்டிய அறிகுறி எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. சினையான பால் பைத்தான் சாப்பிடாது. உடலைத் திருகி வயிற்றை மேலே காட்டிப் படுப்பதும் சினைக்கால வழக்கம்தான். கருமுட்டை வெளியான பிறகு உரிக்கும் சட்டையிலிருந்து சுமார் 30 நாளில் முட்டை வரும் என்பது பொதுக்கணக்கு. பெட்டி குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். சூடான பக்கத்தில் 31, 32 டிகிரியும், குளிர்ந்த பக்கத்தில் 26, 27 டிகிரியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் எண்ணத் தொடங்கியது அந்தச் சட்டைதானா, அதற்கு முந்தையதா என்பதையும் பாருங்கள். கருமுட்டை வெளியாகும் நாளில் பெரிய எலியை விழுங்கியதுபோல நடு உடல் திடீரென்று வீங்கி, ஓரிரு நாளில் வடிந்திருக்கும். அதற்குப் பின் வந்த சட்டைதான் கணக்கு.

எண்ணி 50 நாள் கடந்தால் ஸ்கேன் எடுங்கள். அதற்கு முன்பே விடாமல் முக்குவது, கழிவுத்துளையில் ரத்தமோ நாற்றமுள்ள நீரோ கசிவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, சில முட்டை இட்டு நிறுத்திவிடுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

முட்டையிட்ட பிறகு தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். நீங்கள் முட்டைகளை எடுத்து அடைகாக்கப் போகிறீர்கள் என்றால், தாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பெட்டியில் விரித்திருப்பதையும் முழுதாக மாற்றுங்கள். முட்டை வாசம் இருக்கும் வரை அடைகாக்கும் நினைப்பிலேயே கிடந்து உணவைத் தொடாது. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழந்திருக்கும். முதல் உணவு வழக்கமான அளவில் பாதி இருக்கட்டும்.

பதிவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். பால் பைத்தான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள இனம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இத்தகைய இனங்களை வைத்திருப்பவர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024-இல் வெளியாயின. குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். முட்டைகள் அடையில் இருக்கும்போதே உங்கள் தாள்களைச் சரிபார்த்து வையுங்கள்.

கேள்வி: நாட்டுக்கோழிக்காக வாங்கிய இன்குபேட்டர் வீட்டில் இருக்கிறது. கார்ன் ஸ்நேக் இட்ட முட்டைகளை அதில் வைக்கலாமா?
வாசகர், திருவாரூர்

பதில்: இருக்கிற அமைப்பிலேயே வைத்தால் எல்லா முட்டையும் போய்விடும். கோழிமுட்டைக்கு 37.5 டிகிரி, கார்ன் ஸ்நேக் முட்டைக்கு 27 முதல் 29. கோழிமுட்டையைத் தினமும் திருப்ப வேண்டும். பாம்பு முட்டையைத் திருப்பவே கூடாது. இட்ட ஒரு நாளுக்குள் கரு மேற்பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு புரட்டினால் இறந்துவிடும். எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் சிறு புள்ளி வையுங்கள். பேனா மை வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காமல் கொத்தாகவே வையுங்கள்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வெர்மிகுலைட்டும் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கலந்து (200 கிராமுக்கு 200 கிராம் தண்ணீர்), முட்டையின் பாதி புதையும்படி வையுங்கள். மூடியில் இரண்டு ஊசித்துளை போதும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கள், மூடியில் கோத்த நீர் முட்டைமேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 55 முதல் 65 நாளில் பொரிக்கும்.

டெல்டாவில் சித்திரை, வைகாசியில் இடும் முட்டைக்குச் சூடு கொடுப்பது ஒரு வேலையே இல்லை. சூட்டைக் குறைப்பதுதான் வேலை. கான்கிரீட் மாடி அறை மாலை நாலு மணிக்கு 35 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கரு சாகும், தப்பிப் பொரித்தாலும் முதுகெலும்பு கோணலாக வரும். வீட்டிலேயே குளிர்ந்த தரைத்தள அறையைத் தேர்ந்தெடுங்கள். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு என்றால் நடு அறை அருமையான இடம். பெரிய தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நாலைந்தை அடுக்கி, நடுவில் முட்டை டப்பாவை வையுங்கள். அந்தத் தண்ணீர் பகல் சூட்டையும் இரவுக் குளிரையும் மட்டுப்படுத்தும். வெப்பமானியின் முனை டப்பாவுக்குள், முட்டையின் உயரத்தில் இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய வெப்பமானி சொல்வது அறையின் கணக்கு. 30 டிகிரியைத் தாண்டினால் ஒரு பாட்டிலை எடுத்துவிட்டு, உறைய வைத்த பாட்டிலைத் துண்டில் சுற்றி முட்டை டப்பாவில் படாமல் வையுங்கள்.

மின்சாரம் போய்விட்டால் என்ன என்று கேட்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. முட்டைக்குச் சூடு 24, 25 டிகிரிக்கு இறங்கி ஓரிரு நாள் நின்றால் பொரிப்பது தள்ளிப்போகும், அவ்வளவுதான். சூடு ஏறுவதற்குத்தான் மன்னிப்பில்லை.

முதல் மாதத்தில் முட்டை குழிந்தால் ஈரம் போதவில்லை. சுற்றியுள்ள வெர்மிகுலைட்டின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், முட்டைமேல் வேண்டாம். கடைசி இரண்டு வாரத்தில் குழிவது இயல்பு, விட்டுவிடுங்கள்.

கேள்வி: மருத்துவர் அறுவைசிகிச்சை செய்து மூன்று முட்டைகளை எடுத்தார். ஒரு பக்க முட்டைக்குழாயையும் கருப்பையையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். தையல் போட்டு மூன்று வாரம் ஆகியும் பிரிக்கவில்லை. மறந்துவிட்டாரா?
வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மறக்கவில்லை. மாடு, நாய்போலப் பத்து நாளில் பிரிக்கிற தையல் இல்லை இது. பாம்பின் தோல் ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அடுத்த சட்டை உரித்த பிறகு பிரிக்கும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் பாம்பிடம் எடுத்தது கருப்பை அல்ல, அந்தப் பக்கத்துச் சினைப்பை. குழாயை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டால், அடுத்த பருவத்தில் கருமுட்டைகள் போக வழியில்லாமல் உடலுக்குள் கொட்டும். அதனால் இரண்டையும் சேர்த்து எடுப்பார்கள். மறுபக்கம் நன்றாக இருந்தால் அது இனியும் முட்டையிடும். ஆனால் ஒருமுறை முட்டை தங்கிய பெட்டைக்கு மறுபடியும் தங்க வாய்ப்பு அதிகம். இணைசேர்க்காமல் விடுவதே நாங்கள் சொல்லும் வழி.

தையல் பிரிக்கும் வரை மரத்தூள், நார்க்கழிவு எதுவும் வேண்டாம். அச்சு மை இல்லாத வெள்ளைத்தாள் விரித்து, தினமும் மாற்றுங்கள். தண்ணீரில் ஊறவிடக் கூடாது. குடிக்க மட்டும் சிறு கிண்ணம். சூட்டைக் குறைக்காதீர்கள், குளிர்ந்த பாம்புக்குப் புண் ஆறாது, மருந்தும் வேலை செய்யாது. முதல் உணவு பத்து, பதினான்கு நாளுக்குப் பிறகு, மயிர் முளைக்காத எலிக்குஞ்சு ஒன்றிரண்டு. உடலில் புடைப்பு தெரியும் அளவுக்குப் பெரிய எலியைத் தையல் இருக்கும்போது கொடுத்தால் தையல் விட்டுப்போகும். தையலோரம் சிவந்து வீங்கினாலோ, செதில்களுக்கிடையே மஞ்சளாகக் கசிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

கேள்வி: முட்டையிட்டபோது கழிவுத்துளையிலிருந்து சிவப்பாகச் சதை வெளியே தள்ளிவிட்டது. உள்ளே தள்ளலாமா?
வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: தள்ளாதீர்கள். வெளியே வந்தது முட்டைக்குழாயா, குடலா என்று உங்களால் சொல்ல முடியாது. அது காயாமல் காப்பது மட்டுமே உங்கள் வேலை. பெட்டியில் விரித்திருப்பதை எடுத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை விரித்து அதன்மேல் விடுங்கள். வீக்கம் பெரிதாக இருந்தால் சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்த தண்ணீரைச் சதைமேல் விட்டுக்கொண்டே இருங்கள், சர்க்கரை நீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும். சில மணி நேரத்தில் மருத்துவரிடம் சேர வேண்டும். சதை கறுத்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வைக்கோல் போரைப் பிரித்தபோது அடியில் ஒரு டஜனுக்கு மேல் வெள்ளை முட்டைகள், தொட்டால் மெத்தென்று இருக்கின்றன. சாரைப்பாம்பு முட்டை என்கிறார்கள். உங்கள் முறைப்படி பொரிக்க வைத்து வளர்க்கலாமா?
வாசகர், மன்னார்குடி

பதில்: கூடாது. சாரையானாலும் நல்ல பாம்பானாலும் நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வளர்ப்பதும், முட்டையை எடுத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றம். அதைவிட அவசரமான விஷயம்: முட்டையைப் பார்த்துச் சாரையா நல்ல பாம்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல பாம்பு தன் முட்டைகளை விட்டு எளிதில் அகலாது, அதே போருக்குள் இருக்கக்கூடும். பொரிந்த நாளிலேயே அதன் குஞ்சுக்கு நஞ்சு உண்டு. கையை எடுத்துவிட்டு, பிரித்த வைக்கோலை நீளக் கழியால் திரும்ப மூடுங்கள். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள், அல்லது வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை மாட்டுக்கு வேறு போரிலிருந்து வைக்கோல் எடுங்கள். எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், மேலிருந்து கீழாக, கழியால் புரட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.